கரண்ட் வைத்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லராக இருக்கிறேன். நான்கு வருடமாக இடுப்புப் பகுதியில் முதுகு வலி. ஸ்கேனில் எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது இடுப்பில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போய், பத்துப் பத்து நாள் கரண்ட் வைத்துக்கொண்டேன். ஒரு சிட்டிங் 300 ரூபாய். வைத்த அன்று நன்றாக இருக்கிறது, மறுநாள் ஷிப்ட் முடிவதற்குள் வலி திரும்பிவிடுகிறது. இப்போது வீட்டுக்காரர் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ஒரு மெஷின் பார்த்து வைத்திருக்கிறார். நரம்புக்கு ஒரு மோடு, தசைக்கு ஒரு மோடு என்று அதில் போட்டிருக்கிறது. வாங்கலாமா? தினமும் வைத்தால் நிரந்தரமாகக் குணமாகுமா? கரண்ட் வைத்தால் நரம்பு பலவீனமாகிவிடும் என்று பக்கத்து டேபிள் அக்கா சொல்கிறார், உண்மையா? மாமியாருக்குச் சர்க்கரை நோய், பாதம் மரத்துப்போகிறது. அவருக்கும் இதே மெஷினை வைக்கலாமா?

– வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "வைத்த அன்று நன்றாக இருக்கிறது, மறுநாள் திரும்பிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் சொல்ல வேண்டியதில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. கரண்ட் உங்களை ஏமாற்றவில்லை. அதனால் ஆனதை அது செய்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பத்து நாளும் குப்புறப் படுக்க வைத்து, பேட் ஒட்டி, டைமர் அடித்ததும் எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். கூட்டம் அதிகமான நாட்களில் நானும் இப்படி அனுப்பியிருக்கிறேன், அது தவறு.

மெஷினைப் பற்றிப் பேசும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். வலி காலுக்கு இறங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்குகிறதா? உட்காரும் இடம், தொடையின் உள்பக்கம் மரத்துப்போகிறதா? சிறுநீர் வருவது தெரியாமலோ, அடைத்துக்கொண்டோ இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவு என்றாலும். மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் குறையாத இரவு வலி இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. நம் ஊரில் முதுகெலும்பில் வரும் காசநோயை மறந்துவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்பதால் மேலே சொல்கிறேன்.

கரண்ட் எப்படி வேலை செய்கிறது? குழந்தை முட்டியை இடித்துக்கொண்டு அழுதால் என்ன செய்வோம்? அந்த இடத்தைத் தேய்த்துவிடுவோம். வலி உண்மையாகவே குறையும். தொடுவது, தேய்ப்பது போன்ற உணர்வுகளைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, செய்தியை வேகமாகக் கொண்டுபோகும். நாள்பட்ட மந்த வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, மெதுவாகப் போகும். இரண்டும் தண்டுவடத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தொடு உணர்வு அங்கே நிறைய வந்து குவிந்தால், வலிச் செய்தி மூளைக்கு ஏறும் வழி ஓரளவு அடைபடும். 1965-இல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு கதவைப் போல விளக்கினார்கள். 1967-இல் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை நிபுணரும் நோயாளிகளின் நரம்புகளுக்கு மெல்லிய மின்தூண்டுதல் கொடுத்து வலி குறைவதைக் காட்டினார்கள். நோயாளிகளைத் தொடும் முன் தங்கள் முகத்து நரம்பிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்று டென்ஸ் (TENS) என்று விற்கும் பெட்டி. நீங்கள் பார்த்த மெஷினில் நரம்பு மோடு என்று போட்டிருப்பதும் இதுதான். உங்கள் கிளினிக்கில் வைத்தது ஐ.எஃப்.டி. ஆகவும் இருக்கலாம். அது இரண்டு கரண்ட்டுகளைக் குறுக்காகப் பாய்ச்சும் பெரிய மெஷின். வலிக்கு இரண்டும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆக, டென்ஸ் என்பது இடைவிடாமல் தேய்த்துவிடும் ஒரு கை. தேய்க்கும்போது வலி குறையும், நிறுத்தியபின் கொஞ்ச நேரம் அந்தச் சுகம் நீடிக்கும். டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது, தேய்மானத்தைச் சரிசெய்யாது.

பக்கத்து டேபிள் அக்காவிடம் சொல்லுங்கள், நரம்பு பலவீனம் ஆகாது. சிறிய பேட்டரியில் ஓடும் மெஷின் அது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். அந்த அளவில் நரம்பு கெடுவதில்லை. ஆனால் வேறொன்று நடக்கும். தினமும் ஒரே அளவில் வைத்துக்கொண்டே இருந்தால் நாலைந்து நாளில் உடம்பு அதற்குப் பழகி, பலன் குறையத் தொடங்கலாம். "முதல் இரண்டு நாள் சூப்பரா இருந்துச்சு டாக்டர், இப்ப ஒண்ணும் தெரியல" என்று பலர் சொல்வது இதனால்தான். கரண்ட்டை ஏற்ற ஏற்றத்தான் குணமாகும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு "இன்னும் ஏத்துங்க" என்பார்கள். வலிக்கும் அளவுக்கு ஏற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்து, நிரந்தரமாகக் குணமாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவதுதான் உங்கள் 2,800 ரூபாய்க்கு நான் தரும் மரியாதை.

1990-இல் அமெரிக்காவில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 145 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருக்கு நிஜ டென்ஸ், சிலருக்கு விளக்கு மட்டும் எரியும், கரண்ட் வராத போலி டென்ஸ். இந்த இரண்டு வகையிலும் பாதிப் பேருக்கு உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நிஜ மெஷின் வைத்தவர்களுக்கு வலி 47 சதவீதம் குறைந்திருந்தது, போலி மெஷின் வைத்தவர்களுக்கு 42 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காட்டியது உடற்பயிற்சி. அது செய்தவர்களுக்கு வலியும் குறைந்தது, நடமாட்டமும் கூடியது. அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மாதத்தில் பெரும்பாலானோர் பயிற்சியை விட்டுவிட்டார்கள், கிடைத்த பலனும் போய்விட்டது. என் நோயாளிகளிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், இடுப்பு வலிக்கு டென்ஸும் ஐ.எஃப்.டி.யும் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. இடுப்பு பெல்ட்டும் அதே கணக்கில்தான் வருகிறது. நீங்கள் பெல்ட் போடுகிறீர்களா என்று எழுதவில்லை, போட்டால் மெல்லக் குறைத்து விட்டுவிடுங்கள். இன்னொரு பக்கம், 2022-இல் 381 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைவது உண்மைதான் என்று சொன்னார்கள். இவை ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வைக்கும்போது குறைகிறது, மாதக்கணக்கில் பார்த்தால் மாற்றம் இல்லை. நீங்கள் எழுதியதும் அதேதான்.

தசை மோடு வேறு சமாச்சாரம். அதில் ஒவ்வொரு துடிப்பும் இன்னும் கொஞ்சம் நீண்டு வந்து தசையையே சுருங்க வைக்கும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தொடைத் தசை சொன்னபடி கேட்காதபோதும், பக்கவாதத்துக்குப் பின் பாதம் தூக்க வராதபோதும் நான் அதை நம்பி வைப்பேன், பலன் கண்ணுக்குத் தெரியும். முதுகில் கதை வேறு. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களில் பலருக்கு மெலிந்துபோவது மல்டிஃபிடஸ் என்ற தசை. முதுகெலும்பை ஒட்டி, ஒவ்வொரு எலும்பையும் அடுத்ததோடு பிடித்துவைக்கும் தசை அது. இடுப்புப் பகுதியில் ஆழத்தில் கிடக்கிறது. தோல்மேல் ஒட்டும் பேடின் கரண்ட் பெரும்பாலும் மேல்தட்டுத் தசைகளோடு நின்றுவிடும். முதுகு துடிப்பதைப் பார்த்து "நல்லா வேலை செய்யுது" என்று தோன்றும், துடிப்பது மேலே இருக்கும் தசை. அந்த ஆழத் தசையின் நரம்புக்கே கம்பி வைத்துத் தூண்டும் ஒரு கருவிக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆபரேஷன் செய்து உடம்புக்குள் பொருத்துவது, ஒரு நாளைக்கு இரண்டு முறை அரை மணி நேரம் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். மற்ற சிகிச்சைகள் பலிக்காத சிலருக்கு மட்டுமே. 2,800 ரூபாய் மெஷினின் தசை மோடு அந்த வேலையைச் செய்யாது. உங்கள் தசைகளை நீங்களே வேலை வாங்க முடியும் என்னும்போது அதற்கு வெளியே இருந்து கரண்ட் தேவையும் இல்லை.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பல்ஜ்" என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து நீங்கள் குனியவே பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. தலைமுடி நரைப்பது மாதிரி அது. உங்கள் வலிக்கு அதற்கும் பங்கு இருக்கலாம், ஆனால் அதற்காக முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் காக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் கரண்ட் எதற்கு? அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

பூ கட்டி விற்கும் ஒரு அம்மா எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு காலாலேயே செருப்பைக் கழற்றுவார். போகும்போதும் அப்படித்தான், காலால் தடவித் தடவி மாட்டிக்கொள்வார். ஒரு நாள் கரண்ட் முடிந்து எழுந்தவர், கீழே விழுந்த பர்ஸைப் பேச்சுவாக்கில் குனிந்து எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அய்யோ, குனிஞ்சிட்டேனே" என்று பயந்து என்னைப் பார்த்தார். பர்ஸை மறுபடி கீழே போடச் சொன்னேன், எடுக்கச் சொன்னேன். ஐந்து முறை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் பேடைக் கழற்றியதும் பத்து முறை குனிவது, பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தெரு முனை வரை ஒரு நடை. மூன்றாவது வாரத்தில் கரண்ட்டை நிறுத்திவிட்டோம். அவர் அதைக் கேட்கவும் இல்லை.

கரண்ட் வாங்கித் தருவது அந்த அரை மணி நேரத்தைத்தான். நான்கு வருட வலியில் உடம்பு இறுகிப்போய், எதைச் செய்தாலும் வலிக்கும் என்று மூளை முன்கூட்டியே மணி அடிக்கிறது. வலி தணிந்திருக்கும் நேரத்தில் அசைந்து பார்த்தால், அந்த அசைவு ஆபத்தில்லை என்பதை உடம்பு மெல்லக் கற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் போய்ப் படுத்துத் தூங்கினால் 300 ரூபாய் தூக்கத்தோடு போய்விடும்.

என்ன செய்வது என்று எழுதுகிறேன். முதலில் தரையில் கை, முட்டி ஊன்றி, முதுகைப் பூனை போலத் தூக்கி, பிறகு மெல்லத் தாழ்த்துங்கள், பத்து முறை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள், இதுவும் பத்து. அப்புறம் மறுபடி கை, முட்டி ஊன்றி, வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டுங்கள், பிறகு மாற்றி. முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது சிந்தாமல் செய்ய வேண்டும். அந்த ஆழத் தசையை இந்தப் பயிற்சி நன்றாக வேலை வாங்கும். கடைசியாக நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம். இதுபோக தினமும் நடை, பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி, அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கம்பெனியிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் போகும் நாட்களில், பீஸ் ரேட்டில் தைக்கும் உங்களிடம் "மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்" என்று சொன்னால் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாபின் தீரும்போது எப்படியும் மெஷின் நிற்கிறது. மாற்றியதும் உட்கார்ந்தபடியே தொடங்காமல் எழுந்து நின்று, கைகளை இடுப்பில் ஊன்றி ஐந்து முறை பின்னால் வளைந்துவிட்டு உட்காருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. பண்டல் காலடியில் இருந்து, ஒவ்வொரு பீஸுக்கும் நீங்கள் ஒரே பக்கம் திரும்பிக் குனிகிறீர்கள் என்றால், அதை டேபிள் உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வைத்துத் தரச்சொல்லி ஹெல்ப்பரிடம் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை நூறு முறை திரும்புகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இவ்வளவையும் செய்யத் தயார் என்றால், பயிற்சிக்கு முன் வலியைத் தணிக்க ஒரு மெஷின் இருப்பதில் தவறில்லை. பயிற்சி செய்ய நேரமில்லை, மெஷின் மட்டும் என்றால் வாங்காதீர்கள், அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிசியோவிடம் நான்கு முறை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வாருங்கள். அங்கேயும் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால், "எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வாங்கினால், நரம்பு மோடு மட்டும் போதும். வேகம் (மெஷினில் Hz) 80 முதல் 100 வரை, நேரம் 20 முதல் 30 நிமிடம். தைலம், எண்ணெய் தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே பேட் ஒட்ட வேண்டும். நடு எலும்பின்மேல் வேண்டாம், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் தள்ளி, வலிக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, நன்றாக, வலுவாக, ஆனால் சுகமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும், அப்போது ஒரு புள்ளி ஏற்றலாம். லேசாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால் பலன் கிடைக்காது. குப்புறப் படுக்கத் தேவையில்லை, ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடக்கலாம், அதுதான் நல்லது. தையல் மெஷினில் உட்காரும்போது, வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, தூங்கும்போது கூடாது. பேடின் பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுப் பாருங்கள், அப்போதும் ஒட்டாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

உங்கள் மாமியாருக்கு இதை வைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளினிக்கில், சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவரின் காலுக்கு கரண்ட் வைத்தேன். "தெரியுதா ஐயா?" என்று கேட்டேன், "இன்னும் தெரியலப்பா" என்றார், ஏற்றினேன். மறுபடி கேட்டேன், மறுபடி ஏற்றினேன். அவருக்குத் தெரியாதது கரண்ட் குறைவால் அல்ல, அங்கே உணர்வே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேடின் ஒரு ஓரம் தூக்கியிருந்தது, கரண்ட் முழுவதும் ஒட்டியிருந்த சின்ன இடத்தின் வழியாகவே போயிருக்கிறது. கழற்றியபோது ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது, மறுநாள் கொப்புளம். சர்க்கரைக் காலில் புண் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரம் கட்டுப்போட்டு ஆறியது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து, கூரான முனையும் மழுங்கிய முனையும் வைத்துத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சரியாகச் சொன்ன பிறகே யாருக்கும் நான் பேட் ஒட்டுகிறேன்.

மாமியாரை ஒரு சர்க்கரை மருத்துவரிடம் அழைத்துப்போய்ப் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். தினமும் இரவு அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களோ வீட்டுக்காரரோ பார்த்துவிடுங்கள், அவரால் குனிந்து பார்க்க முடியாது. வீட்டிலேயும் வெறுங்காலில் நடக்க விடாதீர்கள். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் யாரும் இருந்தால் இந்த மெஷின் அவர் உடம்பில் படவே கூடாது. கர்ப்பிணிகளின் வயிற்றிலோ இடுப்பிலோ, யாருடைய கழுத்தின் முன்பக்கத்திலோ வைக்கக் கூடாது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருப்பவருக்கும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்றைக்கு ஒரு தாளில் இரண்டு விஷயம் குறித்து வையுங்கள். எவ்வளவு நேரம் தைத்த பிறகு வலி எழுந்து நிற்க வைக்கிறது, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது. ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு அந்த இரண்டையும் மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள். கூடியிருந்தால் அடுத்த கட்டப் பயிற்சியைச் சொல்கிறேன். கூடாமல் இருந்தால் அந்தத் தாளையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும், அங்கே என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.